பிள்ளை பெற்ற வயிறு

என் கிளினிக்கில் பரிசோதனைக் கட்டில், பெரிய ரப்பர் பந்து, எலாஸ்டிக் பட்டைகள் இவற்றோடு ஓர் ஊதாங்குழலும் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் திண்டுக்கல் சந்தையில் வாங்கிய இரும்புக் குழல். முதல் தடவை வருகிற பெண்களில் பாதிப் பேர் "இது எதுக்கு மேடம் இங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

பிள்ளை பெற்று மூன்று வாரமோ மூன்று மாதமோ ஆன ஒரு தாய் வந்து மல்லாந்து படுத்ததும், அவர் கையையே எடுத்து அடிவயிற்றில் வைப்பேன். இடுப்பெலும்பு முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே. ஊதாங்குழலை மற்றொரு கையில் கொடுப்பேன். வாயில் வைக்க வேண்டாம், உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் போதும். "ஈர விறகு. அடுப்பு அணையப் போகுது. அவசரப்படாம நீளமா ஊதுங்க" என்பேன். அவர் ஊதுவார். மூச்சு பாதி போன பிறகு, கைக்கு அடியில் ஏதோ ஒன்று தானாக இறுகும். வயிற்றை எக்கிப் பிடிக்கும்போது வருகிற இறுக்கம் இல்லை அது. உள்பாவாடை நாடாவை யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுத்தது போல இருக்கும். "ஏதோ அசையுது மேடம்" என்பார்கள், கண்ணை விரித்து. பிரசவத்துக்குப் பிறகு தன் வயிறு தான் சொன்னதைக் கேட்கிறது என்று பலருக்கும் முதன்முதலில் தெரிவது அந்த நேரத்தில்தான்.

அப்படி இறுகியது குறுக்கு வயிற்றுத் தசை. பக்கவாட்டில் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுத் தசைகளில் ஆக உள்ளே இருப்பது. ஒட்டியாணம் மாதிரி முதுகிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் சுற்றி வந்து முன்னால் சேர்கிறது. துணைக்கு வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ ஊதிக் காட்டினால், மகளைவிட அவர்களுக்கு இது சுலபமாக வரும். "இதத்தானம்மா நாங்க தினம் ரெண்டு வேளை செஞ்சோம்" என்று ஒரு பாட்டி சொன்னார். விறகடுப்பு திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகை எத்தனை பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்த மூச்சு மட்டும்தான் எனக்கு வேண்டும்.

இயன்முறை சிகிச்சையாளராக நான் 18 வருடமாக வேலை செய்கிறேன். முதுகு, முழங்கால், பக்கவாதம் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பெற்ற வயிறு அளவுக்கு யாரும் தொட்டுப் பார்க்காத, யாரும் கேட்காத இடம் வேறொன்று உடம்பில் இல்லை. குழந்தையை எடை போடுகிறார்கள், தடுப்பூசித் தேதியைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள். தையல் பிரித்த பிறகு தாயின் வயிறு கணக்கில் வருவதில்லை. வந்தால் அது விசேஷ வீட்டில், "என்னடி, இன்னும் ஒண்ணு உள்ள இருக்கா?" என்ற கேள்வியாகத்தான் வருகிறது.

வயிற்றின் முன்பக்கத்தில் விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நெட்டாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெண்ணிற நார்ப்பட்டை. பக்கத் தசைகள் எல்லாம் வந்து பின்னிக்கொள்ளும் இணைப்பு அதுதான். கருப்பை வளர வளர இந்த நடுப்பட்டை அகலமாகிறது, மெலிகிறது. போர்ச்சுகலில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 35-ஆம் வாரத்தில் பார்த்த கர்ப்பிணிகள் எல்லோருக்குமே இந்த விரிவு இருந்தது. ஒருவர்கூட விதிவிலக்கு இல்லை. ஆகவே 'வயிறு பிரிந்துவிட்டது' என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: பிள்ளைக்கு இடம் விட்டிருக்கிறது உங்கள் உடம்பு, ஒன்றும் கிழியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு அது எவ்வளவு சேர்கிறது? நார்வேயில் முதல் பிரசவமான 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். 6 வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், 6 மாதத்தில் 45 சதவீதம் பேருக்கும், ஒரு வருடம் கழித்து 33 சதவீதம் பேருக்கும் இடைவெளி இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, என் வேலையைப் புரட்டிப் போட்டது அதுதான்: இடைவெளி இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட இடுப்புவலி அதிகமாக இருக்கவில்லை. அதுவரை வருகிற ஒவ்வொரு முதுகுவலிக்கும் வயிற்று இடைவெளியையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அளக்கும் முறையைச் சொல்கிறேன், வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பதிக்க வேண்டும். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் தசையின் ஓரம் வந்து விரலைத் தொடும். எத்தனை விரல் இடம் இருக்கிறது என்பது அகலம். எல்லோரும் இதைத்தான் எண்ணுகிறார்கள், இரண்டு விரல் என்றாலே பயந்துவிடுகிறார்கள். பிள்ளையே பெறாத பெண்களை அல்ட்ராசவுண்டில் அளந்து 2009-இல் வந்த ஆய்வில், தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரை இடைவெளி இயல்பு என்று வந்தது. ஒன்றரை விரல் தாராளமாகப் போகிற அளவு.

என் விரல் தேடுவது ஆழத்தை. கயிற்றுக் கட்டில் தெரியும்தானே? புதிதாக இழுத்துப் பின்னிய கட்டிலும், பத்து வருடம் படுத்துத் தொய்ந்த கட்டிலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே அகலம்தான். கையை வைத்து அழுத்தினால்தான் வித்தியாசம் தெரியும். சில வயிறுகளில் மூன்று விரல் அகலம் இருக்கும், ஆனால் அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ளும். அவர்கள் நன்றாக இருப்பார்கள். சில வயிறுகளில் அகலம் இரண்டே விரல்தான், ஆனால் விரல் பஞ்சுக்குள் போவது போல இறங்கும். இறங்கிய விரலுக்கு அடியில் குடல் அசைவதுகூடத் தெரியும். அந்தப் பெண் எழுந்து உட்காரும்போது நடுவில் கூடாரம் போலக் கூம்பி நிற்கும். என் பயிற்சி இந்தத் தொய்வுக்குத்தான். ஊதச் சொல்லிவிட்டு மறுபடி விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சோடு சேர்ந்து அந்தப் பட்டை விறைத்தால், இடைவெளி அப்படியே இருந்தாலும் நான் சந்தோஷப்படுவேன்.

இதைக் கற்றுக்கொள்ளும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்த பத்துப் பயிற்சிகளை ஒரு தாளில் ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து படுத்து எழுகிற பயிற்சி அதில் முக்கியமானது. பிறகு, அது இடைவெளியை அதிகமாக்கும் என்று படித்தேன். உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். எழாதே, தூக்காதே, பிளாங்க் வேண்டாம், குனியாதே என்று ஒரு தடைப் பட்டியல். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்.

இரண்டாவது பிரசவம் ஆன ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். மூன்றரை விரல் இடைவெளி. "கனமா எதையும் தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தது எட்டு மாதம் கழித்து. சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தார். மூத்த பெண்ணுக்கு மூன்று வயது, 12 கிலோ. அந்த எட்டு மாதமும் அவளைத் தூக்கவே இல்லை. "அவ இப்ப என்கிட்ட வர்றதே இல்ல மேடம். கை நீட்டுனா பாட்டிகிட்ட ஓடிருவா" என்றார். வயிற்றைப் பார்த்தேன். முன்பைவிடத் தொய்ந்திருந்தது. வேலையே கொடுக்காத தசை வேறு எப்படி இருக்கும்? அந்தக் குழந்தையின் எட்டு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்று சாயங்காலம் அந்தத் தடைத் தாள்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

பிற்பாடு வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. 2016-இல் டயான் லீ, பால் ஹாட்ஜஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அல்ட்ராசவுண்டில் பார்த்து எழுதினார்கள்: தலையைத் தூக்கும்போது இடைவெளி குறுகத்தான் செய்கிறது, ஆனால் நடுப்பட்டை தொளதொளவென்று கோணுகிறது. முதலில் உள்தசையை இறுக்கிவிட்டுத் தூக்கினால் அந்த அளவுக்குக் குறுகுவதில்லை, ஆனால் பட்டை விறைப்பாக நிற்கிறது. 2023-இல் நார்வேயில் 70 தாய்மார்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பச்சை உடம்புக்காரிகள் அல்ல, பிரசவமாகி மாதங்கள் கடந்தவர்கள். நான் பயந்து தடைசெய்த அதே எழும் பயிற்சியை ஒரு பிரிவினர் 12 வாரம் செய்தார்கள். இடைவெளி கூடவில்லை, பெரிதாகக் குறையவும் இல்லை. தசை வலுப்பட்டது. பயிற்சி இடைவெளியை மூடிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களும், பயிற்சி வயிற்றைக் கிழித்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு நாள்ல நீங்க எதையெல்லாம் தூக்குறீங்க?" என்பது. பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஐடி வேலைக்காரப் பெண் லேப்டாப் பையையும் குழந்தையையும் சொல்வார். வீட்டில் மாவு அரைத்து விற்கிற பெண் கிரைண்டர் கல்லைச் சொல்வார். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பூக்கட்டும் பெண், "தண்ணி வர்ற அன்னைக்கு 12 குடம்க்கா" என்றார். சிசேரியன் ஆகி மூன்று மாதம்கூட முடியவில்லை. குழாயடியில் முதல் குடம் தூக்கியபோதே துணி நனைந்துவிட்டது. அது சிறுநீர் என்று சொல்ல வெட்கப்பட்டு, குடத்துத் தண்ணீர் சிந்தியது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை வரும்போது குடத்தை எடுத்து வரச் சொன்னேன். நிரப்பி எடை பார்த்தேன்: 13 கிலோ 400 கிராம். "வழக்கமா தூக்குற மாதிரி தூக்குங்க" என்றேன், பாதிக் குடம் தண்ணீரோடு. அவர் கால்களைச் சேர்த்து நின்று, முதுகை வளைத்து, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வெட்டில் இடுப்புக்கு ஏற்றினார். அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. மூச்சை அடைத்துக்கொண்டு தூக்கும்போது வயிற்றுக்குள் உண்டாகிற அழுத்தம் எங்காவது போயாக வேண்டும். முன்னால் தொய்ந்த சுவர், கீழே தளர்ந்த தளம். இரண்டு பக்கமும் அது வழி பார்க்கிறது. முன்னால் கூம்புகிறது, கீழே கசிகிறது.

ஆகவே பயிற்சி குடத்திலிருந்தே தொடங்கியது. முதல் வாரம் காலிக் குடம். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு அணைத்து, எழத் தொடங்குவதற்கு அரை நொடி முன்பே அடுப்பு ஊதத் தொடங்க வேண்டும். ஊதிக்கொண்டே எழ வேண்டும். பழகியபின் 3 லிட்டர். கூம்பவில்லை, கசியவில்லை என்றால் அடுத்த வாரம் 5 லிட்டர். கூம்பினால் ஒரு படி இறங்கு, பயப்படாதே. எப்போதும் வலது இடுப்பிலேயே வைக்கிற பழக்கத்தை மாற்றி ஒரு நடை வலது, ஒரு நடை இடது. அந்த வாரங்களில் முழுக் குடத்தை அவர் கணவர் தூக்கினார், அதுவும் நான் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய பிறகு. இதைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டு வேலையைப் பகிராமல் பயிற்சியை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேலை.

ஒன்பதாவது வாரம் முழுக் குடத்தை என் எதிரில் தூக்கிக் காட்டினார். இடைவெளியை அளந்தேன், முன்பு மூன்று விரல், இப்போது இரண்டரை. அவ்வளவுதான். ஆனால் விரல் உள்ளே இறங்கவில்லை. துணி நனையவில்லை. இடைவெளி எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

சிசேரியனைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் இதை எழுத முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான் நடந்தன. அப்படியானால் என் கட்டிலில் படுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் தழும்போடு வருகிறவர்கள். "தசையெல்லாம் வெட்டிட்டாங்க, இனிமே என்ன பயிற்சி" என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமான சிசேரியனில் தோல், கொழுப்பு, தசையின் உறை, உள்சவ்வு, கருப்பை இவை வெட்டப்படுகின்றன. நெட்டுத் தசைகளை வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்குகிறார்கள், அவ்வளவுதான். இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தழும்புக்கு மேலே மரத்துப்போன உணர்வு இருந்தால் அதுவும் பயப்பட வேண்டியதில்லை. தோலுக்குப் போகும் சிறு நரம்புகள் அறுபட்டதால் வருவது, பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறைகிறது. புண் முழுதாக ஆறி, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, தழும்பை இரண்டு விரலால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திவிடச் சொல்வேன். தன் தழும்பைத் தொடவே பயப்படுகிற பெண்கள் உண்டு. அவர்களிடம் முதலில் துணிக்கு மேலேயே தொடச் சொல்வேன்.

'ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டதாலதான் இடுப்புவலி' என்பது அடுத்த தவறான நம்பிக்கை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். வருடக்கணக்கான வலிக்கு ஊசியைக் காரணமாகக் காட்ட ஆதாரம் இல்லை. குனிந்து பால் கொடுப்பது, தளர்ந்த வயிறு, தூக்கமில்லாத இரவு, ஒரே இடுப்பில் குழந்தை ஆகியவற்றைத்தான் நான் பார்ப்பேன்.

வயிற்றுக் கட்டு விஷயத்தில் பாட்டிமார்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய வாயில் சேலையை நீளவாக்கில் மடித்து, படுக்கவைத்துச் சுற்றிக் கட்டுவது நல்ல வழக்கம். சிசேரியன் ஆனவர்களுக்கு அது எழுந்து நடக்கத் தைரியம் தருகிறது, வலியைத் தாங்க உதவுகிறது. நான் கேட்பது இரண்டு திருத்தம்தான். ஒன்று, இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள், ஒரு கை உள்ளே போகிற தளர்வு இருக்கட்டும். மேலே இறுக்கிக் கட்டினால் அழுத்தம் முழுவதும் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே தளர்ந்திருக்கிற இடுப்புத்தளத்துக்கு அது ஆகாது. இரண்டு, பயிற்சி செய்யும்போது கட்டை அவிழ்த்துவிடுங்கள். துணி பிடித்துக்கொண்டிருந்தால் தசைக்கு வேலை இருக்காது. அதே மாதிரிதான் 30 நாள், 40 நாள் ஓய்வும். தாய்வீட்டில் கிடைக்கிற அந்த ஓய்வு போல ஒரு மருந்து கிடையாது. ஆனால் ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளிலிருந்தே கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், காலில் ரத்தம் உறையாமலிருக்க. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். முதல் சில வாரங்களுக்கு நான் கட்டாயமாகச் சொல்கிற ஒரே விதி இதுதான்.

பயிற்சிக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பச்சைக்குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்து முடித்ததும் ஐந்தே ஐந்து மூச்சு அடுப்பு ஊதுங்கள். நாளைக்கு நாற்பதாவது ஆகிவிடும், பாயை விரிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து, படுத்தபடி ஊதிக்கொண்டே ஒரு குதிகாலைக் கட்டிலில் உரசி நீட்டி மடக்குவது. ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்ததும் மல்லாந்து இடுப்பைத் தூக்குவது, மண்டியிட்டுக் கையூன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிறகு அதே உட்கார்ந்து எழுவதைக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு. குழந்தை வாராவாரம் எடை கூடுகிறது, இதைவிடக் கச்சிதமான பளுவை எந்த ஜிம்மும் கொடுக்காது. ஓட விரும்புகிறவர்களுக்கு 3 மாதம் கடக்கட்டும் என்கிறேன். 2019-இல் பிரிட்டனில் இதற்காகவே ஒரு வழிகாட்டி வந்தது, அதுவும் அதைத்தான் சொல்கிறது.

கீழே இருக்கிற தசையைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். மொழியே கஷ்டம். 'இடுப்புத்தளத் தசை' என்றால் யாருக்கும் புரிவதில்லை. 1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். ஆனால் 'கெகல் செய்யுங்கள்' என்று தாளில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் பிட்டத்தை இறுக்குவார்கள், மீதிப் பேர் முக்குவார்கள். முக்குவது நேர் எதிர்வேலை. நான் சொல்கிற வார்த்தை வீட்டு வார்த்தை: "நாலு பேர் நடுவுல இருக்கீங்க, காத்து பிரியப் பாக்குது, அடக்குவீங்கள்ல? அந்த இறுக்கத்த அப்படியே முன்னாடி கொண்டு வாங்க. இப்ப விடுங்க." சிரித்துக்கொண்டே சரியாகச் செய்துவிடுவார்கள். இறுக்குவது போலவே விடுவதும் பயிற்சிதான், விடத் தெரியாத தசை வலிக்கும். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. அடுப்பு ஊதும்போது இந்தத் தசையும் கூடவே மேலேறும். மேலே உதரவிதானம், சுற்றிலும் வயிறு, கீழே இந்தத் தளம், மூன்றும் ஒரே மூச்சில் அசைகின்றன.

இருமினால், தும்மினால் கசிகிறது என்பது பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் மூன்றில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. என்னிடம் முதல் நாளில் அதைத் தானாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. கேட்டால், "பிள்ள பெத்தா அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க" என்பார்கள். அம்மாவுக்கும் இருக்கிறது, அவரிடமும் யாரும் கேட்டதில்லை. பயிற்சியால் நன்றாகக் குணமாகக்கூடிய குறை இது. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகி, முக்கி முக்கிக் கழிப்பதும் இந்தத் தளத்தைத் தளர்த்துகிறது. தண்ணீர், கீரை, பழம், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு சிறு முக்காலி. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதை மட்டும் எந்தப் பாட்டி சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

தட்டையான வயிற்றை நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. '21 நாளில் தொப்பை காணாமல் போகும்' என்கிற வீடியோக்களைக் காட்டி, "இது மாதிரி ஆகுமா மேடம்?" என்று கேட்கிறார்கள். வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பை மட்டும் தேடிக் கரைப்பதில்லை. விரிந்து சுருங்கிய தோலைப் பயிற்சியால் இழுத்துக் கட்டவும் முடியாது. சிலருக்கு எவ்வளவு பயிற்சி செய்தாலும் நடுப்பட்டை விறைப்பதில்லை, தொப்புளில் குடலிறக்கம் இருக்கும். அவர்களை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும், அனுப்புகிறேன். காய்ச்சல், தையலில் சீழ், அதிக உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிரான்ஸில் பிள்ளை பெற்ற பெண்ணின் இடுப்புத்தளப் பயிற்சிக்கு அரசுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களையும் படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் பார்க்கிறார்கள். அந்தப் பயணத்தில் பிரசவித்து ஆறு வாரமான பெண்ணின் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். ஒரு தாய்க்கு இருபது நிமிடம், மூன்று வருகை போதும்.

அது நடக்கிற வரைக்கும் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவோ, மாமியாரோ, கணவரோ, கிராம சுகாதார செவிலியரோ, யாராக இருந்தாலும், அடுத்த முறை குழந்தையை எடை பார்க்கும்போது தாயிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எழுந்து உட்காரும்போது வயிறு நடுவுல கூம்புதாம்மா? இருமினா துணி நனையுதா?" ஆமாம் என்றால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. கூட்டிக்கொண்டு போங்கள்.